ரிம்மைக் கேட்டு டயர் வாங்குங்கள்: சாலை சைக்கிளுக்கு டயரும் டியூபும் பொருத்தும் முழுமையான வழிகாட்டி

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஓடும் அக்டோபர் மாத அமஷோவா சைக்கிள் பந்தயம் நெருங்க நெருங்க, டர்பன் சைக்கிள் கடைகளில் ஒரே கேள்வி மாறி மாறிக் காதில் விழும்: “அண்ணா, என் சக்கரத்துக்கு 28 மி.மீ. டயர் போகுமா?” சாட்ஸ்வொர்த்திலிருந்து வருகிறவரும் கேட்பார், வெருலத்திலிருந்து வருகிறவரும் கேட்பார். சக்கரத்தைப் பார்க்காமலேயே “தாராளமாகப் போகும்” என்கிற கடைக்காரர் டயர் விற்கிறார். “தம்பி, ரிம்மின் உள்ளகலம் எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்கிறவருக்குத் தொழில் தெரியும்.

ரிம் டயரைத் தீர்மானிக்கிறது. டயர் டியூபைத் தீர்மானிக்கிறது. மூன்றும் சேர்ந்து காற்றழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தள்ளுபடியில் கிடைத்த டயரை வாங்கி, வீட்டில் கிடக்கும் டியூபை அதற்குள் திணித்து, பழக்கத்தில் 110 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு இஞ்சாங்கா ஏற்றத்துக்குக் கிளம்புகிறார்கள். ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போதுதான் ரிம்மும் டயரும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியும்.

முதலில் விட்டம்

டயரின் பக்கச் சுவரில் பல எண்கள் இருக்கும். 700×25சி என்பதை எல்லோரும் படிக்கிறார்கள். அதன் அருகே சிறிய எழுத்தில் 25-622 என்று இருப்பதைத்தான் படிக்க வேண்டும். முதல் எண் காற்றடித்த டயரின் அகலம், இரண்டாவது எண் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். ஈ.டி.ஆர்.டி.ஓ. என்ற ஐரோப்பிய டயர்-ரிம் அமைப்பின் இந்த முறையில் குழப்பத்துக்கு இடமில்லை. மற்றப் பெயர்கள் எல்லாமே ஏமாற்றும்.

எப்படி என்றால், 700சி சாலை சைக்கிளுக்கும் 29 அங்குல மலை சைக்கிளுக்கும் விட்டம் ஒன்றே: 622. ஆனால் 27 அங்குலம் என்று எழுதிய பழைய ரேசர் சைக்கிளுக்கு 630. எண்ணில் சிறியது, சக்கரத்தில் பெரியது! தாத்தா காலத்துப் பெரிய கறுப்பு சைக்கிளின் 28×1½ டயருக்கு 635. மெர்பேங்கிலும் டொங்காட்டிலும் வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிள்களில் இந்த இரண்டு அளவுகளையும் காணலாம். அதைப் புதுப்பிக்கப் போகிறவர் 700சி டயரை வாங்கி வந்தால், 630 ரிம்மில் அது ஏறவே ஏறாது. 630 டயரை 622 ரிம்மில் போட்டால் எளிதாக ஏறும், காற்றடித்ததும் கழன்றுவிடும். இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. டியூப் மட்டும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. 622க்கான டியூப் 630 சக்கரத்தில் சுற்றளவில் ஏறத்தாழ 25 மி.மீ. நீண்டு உட்கார்ந்துகொள்ளும்.

விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக்கூடாது. அகலத்தில் மட்டுமே நமக்குச் சலுகை உண்டு.

ரிம்மின் உள்ளகலத்தை அளப்பது

டயரையும் டியூபையும் கழற்றுங்கள். வெர்னியர் காலிபர் ஒன்று வேண்டும். வன்பொருள் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் காலிபர் போதும். அளவுகோலால் கண் மட்டத்தில் பார்த்தால் 17க்கும் 19க்கும் வித்தியாசம் தெரியாது, நமக்கு வேண்டியது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான். ரிம்மின் இரு சுவர்களுக்கும் இடையே, உட்புறமாக, காலிபரின் சிறிய தாடைகளை வைத்து விரியுங்கள். சுவரின் உச்சியில் உள்நோக்கி வளைந்த கொக்கி இருந்தால், இரு கொக்கிகளின் நுனிகளுக்கும் நடுவே உள்ள தூரமே உள்ளகலம். மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். சில ஜோடிகளில் இரண்டும் வேறு வேறு அளவில் வருகின்றன. பழைய சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் சக்கரங்களே வேறு வேறு ஜோடியைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

வெளியகலத்தை அளந்துவிட்டு அதையே உள்ளகலம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அலுமினிய ரிம்மில் இரண்டுக்கும் பொதுவாக 4 முதல் 6 மி.மீ. வரை வேறுபாடு இருக்கும். 23 என்று பெருமையாகச் சொல்லப்படும் ரிம்மின் உள்ளகலம் 17ஆக இருக்கலாம்.

ரிம்மின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் 622×19சி, 622×19டி.சி., 622×23டி.எஸ்.எஸ். என்பதுபோல் எழுதியிருந்தால் அளக்காமலே விடை கிடைத்துவிடும். 19, 23 என்பவை உள்ளகலம். சி என்றால் கொக்கியுள்ள ரிம். டி.சி. என்றால் கொக்கியும் உண்டு, டியூப் இல்லாமலே காற்றைத் தாங்கும் டியூப்லெஸ் டயரும் போடலாம். டி.எஸ்.எஸ். என்றால் சுவர் நேராக இருக்கிறது, கொக்கி கிடையாது. கடைசி வகைக்குத் தனி விதிகள் உண்டு. அவை கீழே தனியாக வருகின்றன.

ரிம்மையே கட்டைகளால் பிடித்து நிறுத்தும் பிடி பிரேக் உள்ள சைக்கிளானால், அளக்கும் கையோடு ரிம் சுவரின் தேய்மானத்தையும் பாருங்கள். கடற்கரைச் சாலையின் மணலும் ஈரமும் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு அலுமினியத்தை அரம்போல் அராவிவிடும். பிரேக் படும் இடத்தில் உள்ள சிறிய குழியோ கோடோ மறைந்துவிட்டால், அல்லது சுவர் 1 மி.மீ.க்குக் கீழே மெலிந்துவிட்டால், எந்த அகல டயரும் வேண்டாம், புது ரிம் வாங்குங்கள்.

எந்த ரிம்முக்கு எந்த டயர்

தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் இங்கே தருவதைவிடத் தாராளமாக இருக்கும். அவை “பொருந்தும்” என்பதன் கடைசி எல்லைகள். கீழே இருப்பவை குழியும் கண்ணாடித் துண்டும் உள்ள நம் சாலைகளில் நிம்மதியாக ஓட்டுவதற்கு நான் பரிந்துரைப்பவை.

13 மி.மீ.: 20 முதல் 25 வரை. 23 சிறப்பு.
15 மி.மீ.: 23 முதல் 28 வரை. 25 சிறப்பு.
17 மி.மீ.: 25 முதல் 32 வரை. 28 சிறப்பு.
19 மி.மீ.: 28 முதல் 35 வரை. கொக்கி இருந்தால் 25உம் நடக்கும், டயர்க்காரர் அனுமதித்திருந்தால்.
21 மி.மீ.: 28 முதல் 38 வரை.
23 மி.மீ.: 30 முதல் 40 வரை.
25 மி.மீ.: 30க்குக் கீழே இறங்க வேண்டாம், 32 நல்லது.

அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, காரணத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். குறுகிய ரிம்மில் அகலமான டயர் தலைமேல் வைத்த கரகத்தைப்போல் ஆடும். அடி குறுகி, வயிறு பருத்து நிற்பதால் வளைவில் சாயும்போது டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் நழுவிப் புரளும். அழுத்தத்தைக் கூட்டி ஆட்டத்தை நிறுத்தலாம். ஆனால் அகல டயர் வாங்கியதன் பயனே அதோடு போய்விடும். எதிர்ப்பக்கத் தவறு வேறு மாதிரி. அகல ரிம்மில் குறுகிய டயரைப் போட்டால் பக்கச் சுவர்கள் விரிந்து, ஓடும் பகுதி தட்டையாகிவிடும். ரிம்மின் விளிம்பு டயருக்கு வெளியே துருத்தி நிற்பதால் ஒரு குழியில் விழுந்தாலே உலோகம் அல்லது கார்பன் நேரே கல்லில் படும். டயரின் விளிம்பும் இருக்கையிலிருந்து நழுவத் தயாராக இருக்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இதுதான். ஆட்டம் ஓட்டுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நழுவுவது சொல்லிக்கொண்டு வராது.

டயரில் எழுதிய அகலமும் சக்கரத்தில் அளக்கும் அகலமும் ஒன்றல்ல. ரிம்மின் உள்ளகலம் 1 மி.மீ. கூடினால் அதே டயரின் அகலம் ஏறத்தாழ 0.4 மி.மீ. கூடும். 19 ரிம்மில் 28 காட்டும் டயர், 23 ரிம்மில் 29.5ஐத் தாண்டும், 15 ரிம்மில் 26.5க்கு அருகே சுருங்கும். புதிய தலைமுறைச் சாலை டயர்கள் பெரும்பாலும் 19 மி.மீ. ரிம்மை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படுகின்றன. அதனால் பழைய 15 ரிம் வைத்திருப்பவர் இன்றைய 28 டயரை வாங்கினாலும் கையில் கிடைப்பது கிட்டத்தட்ட 26 டயர்தான்.

அடுத்தது சட்டகத்தில் இடம். ரிம் 32ஐ ஏற்றாலும் சைக்கிள் ஏற்க வேண்டுமே. டயரின் இரு பக்கத்திலும், உச்சியிலும், குறைந்தது 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். முன் கவையின் உள்வளைவு, பின் சக்கரத்துக்கு அருகே சட்டகக் குழாய்கள் நெருங்கும் இடம், பிரேக்கின் அடிப்பகுதி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய பிடி பிரேக்குகள் 25க்கே முனகும். பிற்காலத்தவை 28 வரை விடும். வடக்குக் கடற்கரைப் பக்கம் கரும்பு லாரிகள் போகும் ஆர்102 சாலையில் ஓட்டுகிறவர் இந்த 4 மில்லிமீட்டரில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. அறுவடைக் காலத்தில் சாலையோரம் முழுவதும் கரும்புச் சக்கையும் தோகையும் கிடக்கும். மழை பெய்துவிட்டால் அவற்றோடு சேறும் சேர்ந்து டயரில் அப்பிக்கொண்டு கவைக்குள் நுழையும். புது டயர் காற்றடித்த முதல் நாளைவிட மறுநாள் சற்றே பருத்திருக்கும் என்பதால், ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

காற்றைக் கிழிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: ரிம்மின் வெளியகலம் டயரின் அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆழமான கார்பன் ரிம் வைத்து வேகமாக ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். கேப்டவுன் காற்றில் அதே ரிம் எதிரியாகிவிடும். 2017இல் காற்றின் கொடுமையால் அங்கே சைக்கிள் பந்தயத்தையே நிறுத்த வேண்டி வந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

கொக்கி இல்லாத ரிம்

இப்போது வரும் கார்பன் சக்கரங்கள் பலவற்றில் கொக்கி கிடையாது. செய்வது எளிது, எடை குறைவு என்பது தயாரிப்பாளர்களின் வாதம். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது கட்டுப்பாடுகளின் பட்டியல். அழுத்தம் 5 பாரைத் தாண்டக்கூடாது, அதாவது 72.5 பி.எஸ்.ஐ. டயர் டியூப்லெஸ் வகையாகவும், கொக்கியற்ற ரிம்முக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்னதாகவும் இருக்க வேண்டும். உள்ளே டியூப் போட்டு ஓட்டினாலும் இதே விதிதான். சாதாரண டயரின் விளிம்பு நீளக்கூடியது, பிடித்துக்கொள்ளக் கொக்கி இல்லாத சுவரில் அது நிற்காது. 25 மி.மீ. உள்ளகலமுள்ள ரிம்முக்கு 29க்குக் குறைந்த டயர் போடக்கூடாது.

கடைசி விதியைச் சுற்றி 2024 பிப்ரவரியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. யூ.ஏ.இ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தோமஸ் டே கெண்ட் விழுந்தபோது, அவருடைய டயர் ரிம்மை விட்டு முழுவதுமாக வெளியே வந்திருந்தது. 25 மி.மீ. கொக்கியற்ற ரிம், 28 டயர். கல்லில் மோதியதே காரணம் என்றனர் ஒரு சாரார். மோதினாலும் டயர் கழலலாமா என்றனர் மறு சாரார். கைதேர்ந்த மெக்கானிக்குகள் பூட்டிய சக்கரத்திலேயே இந்த நிலை என்றால், நாம் எல்லைக் கோட்டின்மேல் நிற்பதில் பொருளில்லை.

உங்கள் எடை கூடுதல் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். 28 டயரில் உங்களுக்கு வேண்டிய அழுத்தம் 72.5ஐத் தாண்டிவிடலாம். அப்போது டயரை 30, 32 என்று அகலப்படுத்த வேண்டும், அல்லது கொக்கியுள்ள ரிம்முக்குப் போக வேண்டும். அழுத்தத்தைக் கூட்டுவது வழியல்ல.

டியூப்

டயருக்கு ஒரு மணி நேரம் யோசிக்கிறவர்கள் டியூபுக்கு ஒரு நிமிடம் ஒதுக்குவதில்லை. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வரும் காரணம் தெரியாத பஞ்சர்களில் பல, டியூபின் அகலம் பொருந்தாததால் வருபவை.

டியூப் பெட்டியின்மேல் ஒரு வீச்சு எழுதியிருக்கும்: 700×18–25, 20–28, 25–32, 28–37 என்பதுபோல். டியூப் தன் இயல்பான அளவில் அந்த வீச்சின் சிறிய எண்ணுக்கு அருகே இருக்கும். மற்ற அகலங்களை நீண்டு நிரப்பும். உங்கள் டயரின் அகலம் இந்த வீச்சின் நடுவிலோ, நடுவுக்குச் சற்று மேலேயோ விழும்படி தேர்ந்தெடுங்கள். 25 டயருக்கு 18–25 போதும், 20–28 இன்னும் நல்லது. 28 டயருக்கு 20–28 போடலாம் என்று பெட்டி சொல்லும், உண்மைதான். 25–32 கிடைத்தால் அதையே வாங்குங்கள். 32 டயருக்கு 28–37.

சிறிய டியூபை அதிகம் நீட்டினால் என்ன ஆகும்? 18 மி.மீ. குறுக்களவும் 0.9 மி.மீ. தடிமனும் உள்ள டியூபை 28 டயருக்குள் ஊதினால், சுவர் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டருக்கு மெலிந்துவிடும். காற்று விரைவில் கசியும். பஞ்சர் ஒட்டிய இடம் இழுபட்டு உரியும். சிறு முள் குத்தினாலும் துளை விரிந்து காற்று ஒரே மூச்சில் வெளியேறும். கேட்டோ ரிட்ஜ் பக்கம் ஓட்டுகிறவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கே லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உதிரும் மெல்லிய கம்பிகள் சாலையோரத்தில் கிடக்கும். தடித்த டியூபில் அதே கம்பி மெதுவாகக் காற்றைக் குறைக்கும். மெலிந்த டியூபில் நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும்.

பெரிய டியூபைச் சிறிய டயருக்குள் போடுவது இதைவிடக் கெட்டது. அதிகப்படி ரப்பர் மடிந்து சுருக்கம் விழும். அந்த மடிப்பு ஓட ஓட உராய்ந்து, பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் கிழியும். அதைவிட மோசமானது, மடிந்த பகுதி டயரின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்குவது. அழுத்தம் ஏறும்போது டயரைத் தூக்கிவிட்டு டியூப் வெளியே பிதுங்கும், துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்கும். ஆகவே இரண்டு அளவுகளுக்கு நடுவே தயக்கம் வந்தால் சிறியதை எடுங்கள். வழியில் பழுதானால் 32 டயருக்குள் 18–25 டியூபைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம், மறுநாள் மாற்றிவிடலாம். 25 டயருக்குள் 28–37 டியூபைப் போட்டு அப்படி வர முடியாது. சேணப் பையில் வைக்கும் உபரி டியூபைக் குறுகியதாக வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

பெட்டி தொலைந்துபோன பழைய டியூபின் அளவை அறிய ஒரு வழி உண்டு. காற்றை முழுவதும் எடுத்து, மேசைமேல் தட்டையாக வைத்து அகலத்தை அளந்து, அதை 0.64ஆல் பெருக்குங்கள். தட்டையாக 28 மி.மீ. இருந்தால், உருண்டையாகும்போது குறுக்களவு 18 மி.மீ. இந்த எண் உங்கள் டயர் அகலத்தைவிடக் குறைவாகவும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போகாமலும் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

சாதாரண கறுப்பு பியூட்டைல் டியூப் 100 கிராம் அளவில் இருக்கும். விலை குறைவு, ஒட்டுவது எளிது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். லேடெக்ஸ் டியூப் மென்மையாக ஓடும். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் காற்றடிக்க வேண்டும். பிடி பிரேக் உள்ள கார்பன் ரிம்மில் அதைப் போடவே கூடாது, நீண்ட இறக்கத்தில் ஏறும் சூடு தாங்காது. மெல்லிய பிளாஸ்டிக் வகையான டி.பி.யு. டியூப் 40 கிராமைச் சுற்றியே இருக்கும், சட்டைப் பையில் அடங்கும். அதன் குறை, ஒருமுறை நீண்டால் பழைய அளவுக்குச் சுருங்காது. 32 டயரில் ஓடியதைக் கழற்றி 25இல் போட்டால் மடிப்பு விழும். அகல வீச்சை மற்ற எந்த வகையையும்விட இதில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். டயருக்கு வெளியே வைத்து ஊதிப் பார்ப்பதும் கூடாது. எனக்கு டி.பி.யு. உபரியாகப் பையில் இருக்கட்டும், சக்கரத்தில் பியூட்டைல் ஓடட்டும் என்பதே ஒப்புதல்.

உள்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள மேட்டுநிலமான ஹைவெல்ட் பகுதியின் சாலையோர மண்ணில் நெருஞ்சி முள் ஏராளம். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு எடுத்தால் டயர் முழுவதும் ஒட்டியிருக்கும். அகல டயர் மட்டும் இதைத் தடுக்காது. உள்முனை கழற்றக்கூடிய வால்வு உள்ள டியூப் வாங்கி, அடைப்பான் திரவம் ஊற்றிக்கொள்ளலாம்.

வால்வும் ரிம் டேப்பும்

ரிம்மில் உள்ள துளை 6.5 மி.மீ. என்றால் மெல்லிய பிரெஸ்டா வால்வு. 8.5 மி.மீ. என்றால் கார் டயரில் இருப்பது போன்ற ஷ்ரேடர். பெரிய துளையில் பிரெஸ்டா போட வேண்டியிருந்தால் அதற்கான சிறு வளையத்தை வைத்தே போடுங்கள், இல்லாவிட்டால் வால்வின் அடியில் டியூப் அறுபடும். ரிம்மின் ஆழத்தோடு 15 முதல் 20 மி.மீ. கூட்டினால் வேண்டிய வால்வின் நீளம் கிடைக்கும்.

ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடும் டேப்புக்கும் அகலம் உண்டு. டியூப் போட்டு ஓட்டுகிறவருக்கு, துளைகளை முழுவதும் மறைத்து டயரின் விளிம்புக்கு அடியில் நுழையாத அளவு சரி. டேப் குறுகியதாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து துளையின் கூரிய ஓரத்தைத் திறந்துவிடும். டியூப்லெஸ் ரிம்முக்கு உள்ளகலத்தைவிட 2 மி.மீ. அகலமான டேப்பை எடுத்துச் சுவர் வரை ஒட்ட வேண்டும். பஞ்சரான டியூபில் துளை உட்புறத்தில், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், டயரில் முள் தேடாதீர்கள். டேப்பைப் பாருங்கள்.

பூட்டும் முறை

டயரின் ஒரு விளிம்பை ரிம்முக்குள் ஏற்றுங்கள். ஓட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபில் அதன் உருவம் தெரியும் அளவுக்கு மட்டும் காற்றை விட்டு, வால்வைத் துளையில் நுழைத்து, சுற்றிலும் முறுக்கில்லாமல் டயருக்குள் செருகுங்கள். இந்தக் கட்டத்திலேயே அகலம் பொருந்தியதா என்று கை சொல்லிவிடும். பொருத்தமான டியூப் தானாக உள்ளே போய்ப் படுக்கும். பெரிய டியூப் அங்கங்கே அலையாக எழும்பும்.

இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு கைகளாலும் இரு புறமாக ஏற்றிக்கொண்டு வந்து வால்வில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் அதன் அடிப்பகுதி தடுப்பதால் டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்காது. அதைக் கடைசியாக வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்க விளிம்புகளைப் பள்ளத்தில் இறக்கித் தளர்வு சேர்த்துக்கொள்ளலாம். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருந்தால், லீவரைத் தேடுவதற்கு முன் எதிர்ப்பக்கத்திலிருந்து டயரைக் கசக்கிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் ஏறிவிடும். லீவர் போட்டே ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் லீவர். இரும்பு லீவர் டியூபையும் ரிம்மையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஏறியதும் வால்வை உள்நோக்கி ஒரு தள்ளு தள்ளி இழுங்கள், அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பிறகு சுற்றிலும் டயரை விரலால் விலக்கி, டியூப் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை என்று இரு பக்கமும் உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி இதுதான். முதலில் 1 பார் அளவு காற்றடித்து நிறுத்துங்கள். டயரின் பக்கச் சுவரில் ரிம்முக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சக்கரம் முழுவதும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் டயர் நேராக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் புதைந்தும் வேறிடத்தில் எழும்பியும் இருந்தால் காற்றை விட்டு, கையால் சரி செய்து மறுபடி அடியுங்கள். முழு அழுத்தம் அதன் பிறகுதான்.

அகல டயருக்கு மாறியவர்கள் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: காற்றடித்த சக்கரம் பிடி பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது. பிரேக்கின் பக்கத்தில் உள்ள சிறு நெம்பியைத் திறந்து நுழைத்துவிட்டு, மறக்காமல் மூடுங்கள்.

எவ்வளவு காற்று

அகலம் கூடினால் அழுத்தம் குறைய வேண்டும். இதில் சொகுசு மட்டும் சம்பந்தப்படவில்லை, ரிம்மின் பாதுகாப்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது. டயர் ரிம்மை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, அழுத்தத்தையும் டயரின் அகலத்தையும் பெருக்கி வருவது. 25 டயரில் 90 பி.எஸ்.ஐ., 28 டயரில் 80, 32 டயரில் 70 ஆகிய மூன்றும் ரிம்மைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இழுக்கின்றன. 25இல் அடித்த 110ஐ 32இலும் அடிக்கிறவர் தேய்ந்த ரிம்மைப் பிளக்கும் வேலையைச் செய்கிறார். ரிம்மின்மேலும் டயரின்மேலும் உச்ச அழுத்தம் எழுதியிருக்கும். இரண்டில் குறைந்ததே உங்கள் எல்லை.

75 கிலோ எடையுள்ளவர் பின் சக்கரத்துக்கு இப்படித் தொடங்கலாம்: 25 டயருக்கு 85 முதல் 90, 28க்கு 72 முதல் 75 (கொக்கியற்ற ரிம்மில் 72.5க்குள்), 32க்கு 60 வரை. முன் சக்கரத்தில் நான்கைந்து குறைத்துக்கொள்ளலாம். எடை கூடினால் கூட்டுங்கள். சாலை சொரசொரப்பாக இருந்தால் சற்றுக் குறைக்கலாம். மிட்லாண்ட்ஸ் பக்கம் கல் தெளித்த தார்ச்சாலையில் பாறைபோல் இறுகிய டயர் வேகமாக ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி வேகத்தை இழக்கிறது.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள், உயரம் டயரை வெடிக்கவைக்குமா என்று கேட்பதுண்டு. 1,700 மீட்டருக்கு மேல் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஏறத்தாழ இரண்டரை பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். காலை 20 டிகிரியில் 80 அடித்த டயர், நண்பகலில் மூடிய காருக்குள் 50 டிகிரியில் 90ஐத் தொடும். கொக்கியற்ற ரிம்மில் 70 அடித்துக் காரில் வைத்தால் 79 வரை ஏறி, எல்லையைத் தாண்டிவிடும். பந்தய ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு காற்றடியுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி காணும் மூன்று சைக்கிள்கள்

பத்து பதினைந்து ஆண்டுப் பழைய அலுமினிய சைக்கிள், பிடி பிரேக், உள்ளகலம் 15: டயர் 25, டியூப் 20–28, பின் சக்கரத்தில் 85. பிரேக் இடம் கொடுத்தால் 28 போடலாம், ஆனால் 15 ரிம்மில் அதன் பலன் பாதிதான். பணத்தை 17 அல்லது 19 ரிம்முக்குச் சேர்த்து வையுங்கள்.

டிஸ்க் பிரேக், உள்ளகலம் 19: டயர் 28, டியூப் 25–32. டர்பனிலிருந்து உம்ஷ்லாங்கா வழியாக எம்4இல் போய் வருவது முதல் அமஷோவாவின் 106 கிலோமீட்டர் வரை எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல பொருத்தம் தேட வேண்டியதில்லை. டயரை 25க்குக் குறைத்து வேகம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

கார்பன் சக்கரம், கொக்கி இல்லை, உள்ளகலம் 23 அல்லது 25: டயர் 30 அல்லது 32, கட்டாயம் டியூப்லெஸ் வகை. டியூப் போட்டால் 28–37. அழுத்தம் எந்த நிலையிலும் 72.5க்குள்.

டயர் அகலத்தை மாற்றியவர்கள், சக்கரத்தில் காந்தமோ உணரியோ வைத்து வேகம் காட்டும் கருவி இருந்தால், அதில் சக்கரச் சுற்றளவையும் மாற்ற வேண்டும். 700×23க்கு 2,096 மி.மீ., 25க்கு 2,105, 28க்கு 2,136, 32க்கு 2,155. 23இலிருந்து 28க்குப் போய்விட்டு இதை மாற்றாமல் விட்டால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிளம்பி டர்பன் கடற்கரையில் இறங்கும்போது 106 கிலோமீட்டருக்குப் பதில் 104 என்று காட்டும்.